வடக்கே கூடு, இங்கே கணக்கு: திருகோணமலைக்கு வரும் உள்ளான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலாவெளிப் பக்கம் உப்பளக் கரையில் ஒருவன் மூன்றுகால் தாங்கியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நின்றால் போதும். சைக்கிளில் போகிறவர், மாடு சாய்த்து வருகிறவர், ஓட்டோக்காரர் என்று எல்லோரும் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டுத்தான் போவார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் "தம்பி, நில அளவையோ?" என்பதுதான். அது இல்லை, உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகளை எண்ணுகிறேன் என்று தெரிந்த பிறகு கேட்கப்பட்டவற்றையும், சொந்தக்காரரும் மாணவரும் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்தச் சின்னப் பறவைகள் எங்கேயிருந்து வருகின்றன?

வடக்கிலிருந்து. நம் ஊரில் வடக்கு என்றால் யாழ்ப்பாணம், வன்னி. நான் சொல்வது அதற்கும் அப்பால், இமயமலையையும் தாண்டி, மரமே வளராத ஆர்க்டிக் சமவெளி. அதைத் தூந்திரம் என்பார்கள். உப்பளத்தில் கூட்டமாக ஓடித் திரியும் கொசு உள்ளான், நீண்டு கீழே வளைந்த அலகு உள்ள வளைமூக்கு உள்ளான், கடற்கரையில் கல்லைப் புரட்டிப் புரட்டித் தின்னும் கல்திருப்பி எல்லாம் அங்கே முட்டையிடுபவை. வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில் மட்டுமே கூடு கட்டுகிறது. அங்கே பெயர்போன இடம் தைமிர் தீபகற்பம். திருகோணமலையிலிருந்து நேர்கோடு போட்டாலே 7,000 கிலோமீற்றருக்கு மேல் வரும். பறவையின் எடையோ 60 கிராம் அளவு. கொசு உள்ளான் அதில் பாதிகூட இல்லை.

கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. பூச்சிக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வசதி ஆறேழு கிழமைக்குத்தான். அதற்குள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சு பறக்கப் பழகிப் புறப்பட்டுவிட வேண்டும்.

போன வருடம் உப்பளம் நிறைய நின்றது. இந்த வருடம் பாதிகூட இல்லையே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இரண்டு விதமான காரணம் இருக்கிறது. ஒன்று நம் ஊர்த் தண்ணீர். அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது, நீளமான பதில். மற்றது, அந்தப் பறவைகள் கூடு கட்டும் இடத்தில் அந்தக் கோடை எப்படிப் போனது என்பது.

ஆர்க்டிக்கில் எல்லா வருடமும் ஒன்றல்ல. நம் ஊரில் ஒரு போகம் விளையும், மறு போகம் கருகும். அங்கேயும் ஒரு வருடம் குஞ்சு கூட்டம் கூட்டமாகத் தேறும், மறு வருடம் ஒன்றுகூடத் தேறாது. வளைமூக்கு உள்ளானில் இந்த ஏற்ற இறக்கம் மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்ததை ஐரோப்பாவிலும் தென்னாபிரிக்காவிலும் எண்ணியவர்கள் கண்டார்கள். அதன் முடிச்சை அவிழ்த்தது ஒரு எலி.

எலியா? பறவைக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம்?

லெமிங் என்று ஒரு கொழுத்த, வால் குட்டையான எலி இனம். தூந்திரத்தில் பனிக்கு அடியில் வளை போட்டு, பனிக்காலத்திலும் குட்டி போடும். மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை அதன் தொகை நூறு மடங்கும் அதற்கு மேலும் பெருகும். அடுத்த வருடம் சரிந்துவிடும், தேடினாலும் கிடைக்காது.

லெமிங் பெருகிய வருடத்தில் ஆர்க்டிக் நரிக்கு வேட்டைக்கு அலைய வேண்டியதில்லை, வாசலிலேயே சோறு. நரி நிறையக் குட்டி போடும். வெண் ஆந்தை பத்து முட்டைக்கு மேல்கூட இடும். ஸ்குவா என்ற கடற்பறவை கடலை விட்டு நிலத்துக்கு வந்து கூடு கட்டும். உள்ளானின் கூட்டை யாரும் சீண்டுவதில்லை. நாலு முட்டையும் பொரித்து, குஞ்சுகள் தேறும்.

அடுத்த வருடம் லெமிங் இல்லை. போன வருடத்தில் பெருகிய நரிகள் மட்டும் இருக்கின்றன, பசியோடு. அவற்றுக்கு மிச்சம் இருப்பது தரையில் கிடக்கும் முட்டையும் பறக்கத் தெரியாத குஞ்சும்தான். உள்ளானின் கூடு என்பது பாசி மேல் ஒரு சின்னக் குழி, வேலியா கூரையா? அந்தக் கோடையில் தைமிரில் பிறந்த குஞ்சு பெரும்பாலும் நரி வயிற்றில்.

இதற்கு நல்ல சாட்சி ஒரு வாத்து இனம். தைமிரில் கூடு கட்டும் பிரெண்ட் வாத்து குளிர்காலத்துக்கு இங்கிலாந்து, நெதர்லாந்துக் கரைகளில் இறங்கும். லெமிங் உச்ச வருடம் முடிந்து அவை வந்தால் கூட்டத்தில் பாதிக்குக் கிட்ட இளசு. சரிவு வருடம் முடிந்து வந்தால் தேடித்தான் ஒன்று இரண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வாத்துகள் தைமிரில் வெண் ஆந்தையின் கூட்டுக்குப் பக்கத்திலேயே கூடு வைப்பதும் உண்டு. ஆந்தை தன் கூட்டைக் காக்க நரியை விரட்டும்போது வாத்துக்கும் இலவசக் காவல். ஊரில் சண்டியர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் சொல்லும் நியாயமும் இதுதான்.

நான் நோர்வேயில் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன். ஒரு வருடம் ரோட்டெல்லாம் எலி, அடுத்த வருடம் ஒன்றுமே இல்லை. நீர் சொல்வது அதுதானா?

அதேதான். என் சித்தப்பா ஒருவர் கேட்ட கேள்வி இது. நோர்வேயின் வடகோடி மீன் தொழிற்சாலைகளில் நம்மவர் எத்தனையோ பேர் வேலை செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு லெமிங் புதிதல்ல, பெயர்தான் தெரிந்திருக்காது. நோர்வே லெமிங் மஞ்சளும் கறுப்புமாக இருக்கும், மனிதனைக் கண்டால் ஓடாது, எதிர்த்து நின்று கீச்சிடும். "பூனை மாதிரிச் சீறினது" என்று சித்தப்பா சொன்னது சரிதான்.

அந்தப் பக்கத்துச் சதுப்பிலும் கொசு உள்ளான் கூடு கட்டுகிறது. சித்தப்பா அங்கே கோடையில் கண்ட பறவைக்கும் நான் இங்கே மார்கழியில் காணும் பறவைக்கும் இனம் ஒன்று. உடுப்புத்தான் வேறு: அங்கே செம்பழுப்பு, இங்கே சாம்பல்.

லெமிங் கூட்டமாகப் போய்க் கடலில் குதித்துத் தற்கொலை செய்யுமாமே?

இல்லை. 1958-இல் வந்த ஒரு ஆவணப் படத்துக்காக லெமிங்குகளைப் பிடித்து வந்து பாறையிலிருந்து தள்ளிப் படம் எடுத்தார்கள். அந்தக் காட்சிதான் உலகம் முழுக்கப் பரவியது. பெருகிய வருடத்தில் அவை இடம் தேடிக் கூட்டமாக நகரும், ஆற்றை நீந்தும்போது சில மூழ்கும். அவ்வளவுதான்.

நரி மட்டும்தான் காரணமா?

பனியும் காரணம். தாய்ப்பறவை வந்து இறங்கும்போது நிலத்தில் இன்னும் பனி கிடந்தால் கூடு வைக்க இடம் இல்லை. காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் குறுகிய கோடையிலிருந்து கழிகிறது. 2018-இல் கிரீன்லாந்தின் வடகிழக்கில் ஸாக்கன்பெர்க் என்ற இடத்தில் ஜூலைக் கடைசிவரை பனி கிடந்தது. அந்த வருடம் அங்கே பறவை மட்டுமல்ல, பூ, பூச்சி, விலங்கு எதுவும் ஒழுங்காக இனம் பெருக்கவில்லை.

பனி முந்தி உருகினால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேயும் ஒரு சிக்கல். உள்ளான் குஞ்சைத் தாய் ஊட்டுவதில்லை. பொரித்த நாளே எழுந்து தானே பூச்சி பொறுக்க வேண்டும். ஆகவே குஞ்சு பொரிக்கிற நாளும் பூச்சி மொய்க்கிற நாளும் ஒன்றாக விழ வேண்டும். பனி சீக்கிரம் உருகினால் பூச்சி சீக்கிரம் எழும்பி முடிந்துவிடும். ஆபிரிக்காவிலிருந்தோ நம் கரையிலிருந்தோ புறப்படுகிற பறவைக்கு அங்கே பனி உருகிய செய்தி எப்படித் தெரியும்?

தைமிரில் கூடு கட்டும் செம்மார்பு நொட் என்ற உள்ளானில் இது உடம்பிலேயே தெரிந்தது. 33 வருடத்தில் அங்கே பனி உருகும் நாள் வருடத்துக்கு அரை நாள் வீதம் முந்தியது. பூச்சியைத் தவறவிட்ட குஞ்சுகள் சிறிய உடம்போடும் குட்டை அலகோடும் வளர்ந்தன. அவை குளிர்காலத்துக்குப் போகும் மேற்கு ஆபிரிக்காவின் மொரித்தேனியாக் கரையில் நல்ல மட்டி சேற்றுக்குள் ஆழத்தில் கிடக்கிறது. குட்டை அலகு எட்டவில்லை. அந்தப் பறவைகள் அதிகமாகச் செத்தன. ஆர்க்டிக்கில் பட்ட அடிக்கு ஆபிரிக்காவில் சாவு. 2016-இல் வெளிவந்த இந்த ஆய்வை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன். உப்பளத்தில் மெலிந்த ஒரு பறவையைக் கண்டால் அது இங்கே பட்டினியா அங்கே பட்டினியா என்று கண்ணால் சொல்ல முடியாது.

ஒரு வருடம் குஞ்சே தேறவில்லை என்றால் இனம் அழிந்துவிடாதா?

ஒரு வருடத்தில் அழியாது. இவை கோழிக்குஞ்சு மாதிரி ஒரு வருடத்துச் சீவன் அல்ல, பல வருடம் வாழ்பவை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளங்குவதற்காக நான் போடும் எண், களத்தில் எண்ணியது அல்ல.

100 பறவை இருக்கிறது, வருடத்துக்கு ஐந்தில் ஒன்று சாகிறது என்று வைப்போம். முதல் வருடம் நரி எல்லாக் குஞ்சையும் தின்றுவிட்டது: மிச்சம் 80. இரண்டாம் வருடம் நடுத்தரம்: 16 செத்து, 10 இளசு வந்தது. 74. மூன்றாம் வருடம் லெமிங் உச்சம்: 15 செத்து, 40 இளசு வந்தது. 99. பார்த்தீர்களா, கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு வந்தாயிற்று.

இப்போது அந்த மூன்றாம் வருடத்தை எடுத்துவிடுங்கள். உச்சம் வரவில்லை, அதுவும் நடுத்தர வருடமாகவே போனது, 10 இளசுதான். 69. இன்னொரு மூன்று வருடம் இப்படியே போனால் 50க்குக் கிட்ட வந்துவிடும். ஆகவே கெட்ட வருடத்தைக் கண்டு நான் பயப்படுவதில்லை, அது எப்போதும் இருந்தது. நல்ல வருடம் வராமல் போவதுதான் இந்த இனங்களைத் தின்கிறது. மீன்பிடிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கரைவலைக்காரருக்கு வெறும் வலை பழக்கம். ஒரு பெரிய பாடு வந்தால் கடன் தீரும். அந்தப் பெரிய பாடு வராத வருடம்தான் வீட்டை உலுக்கும்.

அப்படி நல்ல வருடங்கள் குறைகின்றனவா?

சில இடங்களில் குறைந்திருக்கின்றன. நோர்வேயின் தெற்கு மலைப்பகுதியில் 1994க்குப் பிறகு பல வருடம் லெமிங் உச்சமே வரவில்லை. கிரீன்லாந்தின் வடகிழக்கில் 2000 அளவில் அந்த ஏற்ற இறக்கம் சரிந்தது. அங்கே வெண் ஆந்தை குஞ்சு பொரிப்பது கிட்டத்தட்ட நின்றேபோனது. காரணம் பனியின் தரம். பனிக்காலத்தில் இடைக்கிடை சூடும் மழையும் வந்தால் பனி உருகி, மறுபடி இறுகி, நிலத்தோடு ஒட்டிய பனிக்கட்டியாகிவிடும். லெமிங்குக்குத் தேவை பனிக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சூடான இடைவெளி. அது அடைபட்டுப் போகிறது. புல்லும் கட்டிக்குள் மூடிக்கொள்கிறது. எல்லா இடத்திலும் இப்படி இல்லை. சைபீரியாவின் சில பகுதிகளில் எலி இன்னும் பெருகி விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

2024-இல், அழியும் ஆபத்தில் உள்ள இனங்களை வரிசைப்படுத்தும் உலகச் செம்பட்டியலில் வளைமூக்கு உள்ளானை ஒரு படி மேலே, அழியும் வாய்ப்புள்ள இனங்களின் வரிசைக்கு ஏற்றினார்கள். அதே தடவை கல்திருப்பியும் அச்சுறுத்தலை நெருங்கும் இனமானது. அதற்கு எலியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே மஞ்சள் கடல் ஓரத்தில் இருந்த சேற்று வெளியில் மூன்றில் இரண்டு பங்கு ஐம்பது வருடத்துக்குள் போய்விட்டது. அவுஸ்திரேலியாவுக்குப் போகும் பறவைகள் இளைப்பாறிச் சாப்பிடும் இடம் அது. நம் கரைக்கு வருபவை பெரும்பாலும் மத்திய ஆசியா வழியாகப் பறந்து வந்து இறங்குபவை. ஆகவே மஞ்சள் கடலின் கதையை அப்படியே தூக்கி உப்பளத்தில் வைப்பது சரியல்ல. நானே ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பேச்சொன்றில் அப்படி வைத்திருக்கிறேன்.

தூந்திரம் மட்டும்தானா? அங்கே காடு இல்லையா?

இருக்கிறது, தூந்திரத்துக்குத் தெற்கே பெரிய ஊசியிலைக் காடு. அங்கே எலியைவிட விதையும் புழுவும் முக்கியம். தேவதாரு இன மரங்கள் ஒரு வருடம் கொட்டிக் காய்க்கும், மறு வருடம் காய்க்காது. குறுக்கலகுக் குருவி காய் இருக்கிற காட்டைத் தேடிப் போய், பனிக்காலத்திலேகூடக் கூடு கட்டிவிடும். இன்று இங்கே ஆயிரம், மறு வருடம் அதே காட்டில் பூச்சியம், ஆனால் இனம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. கனடாவில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தைத் தின்னும் மொட்டுப்புழு பெருகும் வருடங்களில் சில கதிர்க்குருவி இனங்கள் கூடவே பெருகும்.

அந்தக் காட்டிலிருந்து வரும் ஒரு பறவையைத் தம்பலகாமத்துக்காரர் தினமும் காண்பார்கள். பெரும்போகத்துக்கு உழுது தண்ணீர் கட்டிய வயலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் பொறி உள்ளான். முதுகில் வெள்ளைப் பொறி தெளித்த மாதிரி இருக்கும், கிளப்பினால் "சிவ் சிவ் சிவ்" என்று கத்தும். அதன் ஒன்றுவிட்ட சகோதரம் கருப்பு உள்ளான் இன்னும் வேடிக்கை. சேற்றில் மேய்கிற பறவைதான், ஆனால் முட்டையிடுவது மரத்தில், வேறு பறவை விட்டுப்போன பழைய கூட்டில். குஞ்சுகள் மேலேயிருந்து குதித்துத்தான் நிலத்துக்கு வர வேண்டும்.

வடக்கில் யார் எண்ணுகிறார்கள்? எப்படி எண்ணுகிறார்கள்?

வட அமெரிக்காவில் 1966-இல் சான்ட்லர் ராபின்ஸ் என்பவர் ஒரு முறையைத் தொடங்கினார். சுமார் 40 கிலோமீற்றர் ரோட்டில் 50 இடத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 3 நிமிடம், கண்டதும் கேட்டதும் எழுத வேண்டும். ஒவ்வொரு வருடமும் கூடு கட்டும் காலத்தில் அதே ரோட்டு, அதே இடங்கள். இன்றைக்கும் நடக்கிறது. சுவீடனிலும் பின்லாந்திலும் இதுபோல நீண்டகாலக் கணக்குகள் உண்டு. 2019-இல் இந்தக் கணக்கையும் வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, 1970க்குப் பிறகு வட அமெரிக்காவில் மட்டும் 290 கோடி பறவைகள் குறைந்திருப்பது தெரிந்தது. கால்வாசிக்கும் மேல்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ரோட்டு வேண்டும். ஊசியிலைக் காட்டின் வடபாதியிலும் தூந்திரத்திலும் ரோட்டு எங்கே? சைபீரியாவில் ஹெலிகொப்டரில் இறங்கிக் கூடாரம் அடித்தால்தான் உண்டு. 1998-இலிருந்து மிகைல் சொலோவியோவ், பாவெல் தொம்கோவிச் என்ற ரஷ்ய ஆய்வாளர்கள் ஆர்க்டிக்கில் வேலை செய்பவர்களிடம் வருடாவருடம் விபரம் கேட்டுச் சேர்த்தார்கள். பனி எப்போது உருகியது, லெமிங் உண்டா, நரி உண்டா, கூடு தேறியதா என்பதுதான் கேள்வி. மற்றபடி அங்கே எண்ண முடியாததைப் பறவை கீழே இறங்கும் இடங்களில்தான் எண்ண வேண்டியிருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது.

நம் கிழக்குக் கரையின் பழைய கணக்கில் இடைவெளி அதிகம். போர்க்காலத்தில் கடலோரம் தொலைநோக்கியோடு நின்றால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நம் களப்பில் குறைந்தால் அங்கே குறைந்தது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. நான் அவசரப்பட்டுச் சொல்லி மூக்குடைபட்டவன்.

கொசு உள்ளானின் கால் இரண்டு சென்றிமீற்றர் அளவுதான். தண்ணீர் அதற்கு மேல் ஏறினால் அந்தப் பறவைக்கு அந்த இடம் கடல். நம் பகுதியில் மழையின் பெரும்பங்கு மாரியில், ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டுகிறது. உள்ளான்கள் நிற்கும் காலமும் அதுவே. உப்பளப் பாத்தியும் களப்போரமும் நிரம்பினால் பறவைகள் உடனே கிளம்பி, தண்ணீர் பரந்த வயலுக்கோ, கொட்டியாரக் குடாவில் மகாவலி விழும் இடத்துச் சேற்றுக்கோ, கிண்ணியாப் பக்கத்துக்கோ போய்விடும். இன்னும் தூரம் போனால் மன்னார், வங்காலை, யாழ்ப்பாணக் களப்பு. மாரி பொய்த்த வருடத்தில் மற்ற இடமெல்லாம் காய்ந்து எல்லாப் பறவையும் உப்பளத்தில் குவியும். "ஆகா, என்ன நல்ல வருடம்" என்று நாங்கள் எழுதி வைப்போம். உண்மையில் அது போக இடம் இல்லாத வருடம்.

அப்புறம் எண்ணுகிறவரின் கண். என் கைத்தொலைநோக்கியை வைத்துவிட்டு மூன்றுகால் தொலைநோக்கி வாங்கிய வருடம் என் கணக்குப் புத்தகத்தில் எல்லாமே ஏறிவிட்டது. தைமிரில் ஒன்றும் நடக்கவில்லை, என் கண்ணாடி மாறியது. அமெரிக்கக் கணக்கில் ஒரு ரோட்டுக்குப் புதிதாக வரும் ஒருவரின் முதல் வருடத்தைக் கணக்குப் போடும்போது தனியாகக் கவனிப்பார்கள். புதியவர் குறைவாகக் கேட்பார், குறைவாகக் காண்பார்.

ஆகவே மொத்தத் தொகையை விட எனக்கு நம்பிக்கையானது இளசின் பங்கு. தண்ணீர் ஏறி நூறு பறவை கிளம்பிப் போனால் முதிர்ந்ததும் இளசும் கலந்துதான் போகும். மிச்சம் நிற்கும் கூட்டத்தில் ஐந்தில் ஒன்று இளசா, ஐம்பதில் ஒன்று இளசா என்பது அவ்வளவாக மாறாது. அந்தக் கோடையில் வடக்கில் என்ன நடந்தது என்பதற்கு நிலாவெளியில் கிடைக்கும் பதில் அதுதான்.

இளசை எப்படி அடையாளம் காண்பது?

வளைமூக்கு உள்ளானில் எளிது, ஆனால் காலம் தவறக்கூடாது. முதிர்ந்த பறவைகள் ஓகஸ்டிலிருந்தே வந்து இறங்கும். ஆண்கள் முட்டையிடும் வேலை முடிந்ததும் குடும்பத்தைப் பெண்ணிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுபவர்கள். முதலில் வருபவற்றின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக இருக்கும், பழைய சுவரில் சாயம் உரிந்த மாதிரி. குஞ்சுகள் செப்டெம்பர், ஒக்டோபரில் வழிகாட்டி இல்லாமல் தாமே வருகின்றன.

புரட்டாதியில் ஒரு காலை, ஏழு மணி இருக்கும், வரப்பின் மேல் குந்தியிருந்தேன். என் காலிலிருந்து பத்தடி தூரத்துக்கு ஒன்று நடந்து வந்தது. முதிர்ந்தது அந்தத் தூரத்துக்கு வரவே வராது. மனிதனை இதற்கு முன் காணாத சீவன். முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் விளிம்பு, மீன் செதில் அடுக்கியது போல ஒழுங்காக, ஒரு இறகும் தேயவில்லை. மார்பில் லேசான பீச் நிறம். அலகைச் சேற்றில் தையல் மெசின் ஊசி மாதிரிக் குத்திக் குத்தி வந்தது. பிறகு ஒற்றைக் காலில் நின்று தூங்கிவிட்டது. அதற்கு அப்போது வயது மூன்று மாதம்கூட ஆகியிருக்காது.

கார்த்திகை, மார்கழியில் அந்த இறகுகள் உதிர்ந்து எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். ஆகவே அடைமழைக்கு முன் எண்ண வேண்டும், ஒவ்வொரு வருடமும் அதே கிழமையில். ஒரு கிழமை முந்தினாலும் பிந்தினாலும் பங்கு மாறும், ஏனெனில் முதிர்ந்ததும் இளசும் வெவ்வேறு நாளில் வருகின்றன. ஒரே பாத்தியை எண்ணாமல் மூன்று நாலு இடத்தில் எண்ணுங்கள். இளசுகள் கூட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கி மேய்வது வழக்கம்.

ஜூன் மாதத்திலும் சில நிற்கின்றனவே, நோயா?

பெரும்பாலும் நோயில்லை. முதல் வருட இளசுகள் பல, வடக்குக்குப் போகாமல் முதல் கோடையை இங்கேயே கழிக்கும். கச்சான் காற்று வீசும் வெயிலில் உப்பளத்தில் சாம்பல் நிறத்தோடு நிற்பவை அவைதான். இதை வைத்தும் கணக்குப் பார்க்கலாம். தென்னாபிரிக்காவின் லாங்கபான் களப்பில் அந்த மாதங்களில் தங்கும் வளைமூக்கு உள்ளான்களை வருடாவருடம் எண்ணிப் பார்த்தபோது, சைபீரிய லெமிங்கின் ஏற்ற இறக்கம் அதில் தெரிந்தது. இங்கே ஜூனில் யாரும் எண்ணுவதில்லை. வெயில்தான் காரணம், எனக்கும் சேர்த்து.

ஆறுமணிக்குருவியும் அங்கிருந்து வருவதா?

இல்லை. அது இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவிலும் கூடு கட்டுவது. லெமிங் கதை அதற்குப் பொருந்தாது.

கரையில் நிற்கும் எல்லாச் சின்னப் பறவையும் வெளியூரா?

இல்லை. வெள்ளை மணல் நிறத்தில் ஒரு உப்புக்கொத்தி இங்கேயே வருடம் முழுக்க இருந்து முட்டையிடுகிறது. 2023-இல் அதைத் தனி இனம் என்று பிரித்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள், ஆங்கிலத்திலும் அனுமன் பெயராலேயே அழைக்கிறார்கள். உள்ளான் கணக்கில் அதைச் சேர்த்துவிடாதீர்கள். அதன் முட்டையை மிதித்தும் விடாதீர்கள், மணலும் முட்டையும் ஒரே நிறம்.

இந்தப் பறவைகள் உண்மையாகவே அவ்வளவு தூரம் போவதை யாராவது கண்டார்களா?

2021-இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு பெரிய கடற்காகத்தின் முதுகில் ஜிபிஎஸ் கருவி பொருத்தினார்கள். அதற்கு மேகா என்று பெயர். மேகா இந்தியாவைக் கடந்து, ரஷ்யாவின் வடகோடியில் யமால் தீபகற்பம் வரை போய்ச் சேர்ந்தது. அதே வருடம் மன்னாருக்குத் திரும்பியும் வந்தது. உள்ளான் அதைவிட மிகச் சின்னது, அந்தக் கருவியைச் சுமக்காது. அதற்குக் காலில் வளையம்தான்.

வளையம் போட்ட பறவையைக் கண்டால் என்ன செய்வது?

உயிரோடு இருந்தால் பிடிக்க வேண்டாம். எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து ஏதும் இருந்ததா என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் பச்சையா நீலமா என்று மறந்துவிடும். போனில் தூரத்துப் படம் கிடைத்தாலும் போதும். வலையில் செத்துக் கிடந்தால் வளையத்தின் எண்ணைப் படமெடுங்கள்.

என் மகள் உயர்தரம் படிக்கிறாள். இதில் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், காசு பெரிதாகத் தேவையில்லை. எட்டு மடங்கு பெருக்கும் கைத்தொலைநோக்கி, ஒரு கொப்பி, தொப்பி, தண்ணீர்ப் போத்தல். ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மாற்ற வேண்டாம். முதல் மாதம் இனம் பிரிக்கத் தடுமாறுவாள், எல்லோரும் தடுமாறினோம். வளைமூக்கு உள்ளானை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். புரட்டாதியில் மூன்று காலை, வெயில் ஏறுமுன், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நின்று, 100 பறவையைப் பார்த்து எத்தனை செதில் முதுகு என்று கோடு போடட்டும். பக்கத்தில் தண்ணீர் கணுக்காலுக்கா முழங்காலுக்கா என்றும் எழுதட்டும். பூச்சியம் வந்தாலும் எழுத வேண்டும். என் பழைய கொப்பியில் இளசு காணாத நாட்களில் நான் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். இப்போது புரட்டினால் அன்று போகவில்லையா, போய்க் காணவில்லையா என்று எனக்கே தெரியவில்லை.